தோணிரேவில் ஒருவரை மாத்திரை விழுங்கவைத்த கதை

காசநோய் மாத்திரையைக் கொடுப்பது சுலபம். அது தொண்டையில் இறங்கியதா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டில் ஒரு நோயாளிக்கு மருந்து கொடுத்துப் பார்த்தவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

ஒரு வாய்

தோணிரேவு ஏரிக்கரை மீனவர் தேசப்பனுக்குக் காசநோய் வந்தது இரண்டாம் தடவை. முதல் தடவை மருந்தைப் பாதியில் விட்டவர். சர்க்கரை உண்டு, சாயங்காலமானால் குடி உண்டு, சாப்பாடுதான் சரியாகக் கிடையாது. இந்தத் தடவையும் விட்டால் இதே மாத்திரைகள் அப்புறம் கேட்காமல் போகலாம் என்று எச்சரித்தேன். குடியை விடுங்கள், முட்டை சாப்பிடுங்கள், சோற்றைக் குறையுங்கள் என்று அடுக்கினேன்.

“குடிக்காதன்ற, துன்னுன்ற, துன்னாதன்ற. இருக்கிறது ஒரே வாயி சார், எதுக்குன்னு தொறக்கிறது?”

தம்பியின் முறை

ஏரியில் வலை போடும் இடத்துக்கு ஆளாளுக்கு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். தன் பாட்டுக்குப் போக முடியாதவர் தம்பியை அனுப்பலாம். ஒருநாள் காலை தேசப்பன் வீட்டு வாசலில் அவர் தம்பி கோதண்டம் என்னைப் பிடித்துக்கொண்டார். சிறுநீர் சிவப்பாகப் போகிறதாம். அந்த மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும்; ஆனால் இவர் ஏன் சாப்பிட்டார்? முந்தின நாள் நான் அட்டையில் குறிக்கக் குனிந்த நேரத்தில் அண்ணனுக்குக் குமட்டியதாம். மாத்திரை வீணாகக் கூடாதென்று தம்பி பக்கம் தள்ளியிருக்கிறார். நான் கத்தியதற்குத் தேசப்பன் அசரவில்லை.

“பாட்டுக்கே எனக்குப் பதிலா அவன் போறான். மாத்திரைக்கு மட்டும் நான்தான் வரணும்னா இன்னா சார் நியாயம்?”

இருமல் நின்ற பிறகு

இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, எடையும் ஏறியது. எங்கள் தொழிலில் ஆட்கள் காணாமல் போவது இந்த இடத்தில்தான். தேசப்பனும், “அதான் நல்லாயிட்டேனே சார்” என்று மாத்திரையைக் கீழே வைத்துவிட்டார். நான் தொண்டை வறளப் பேசியும் பலனில்லை. நண்டு கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி அஞ்சலை, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். புருஷன் மடியில் தூங்கிய பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

“போன தபாவும் இதையேதான் சொன்ன. அப்ப இவ பொறக்கல. முழுங்கினா புள்ள, இல்லன்னா உன் மடி காலியாவே கெடக்கட்டும்.”

கடைசிச் சோதனை

அன்று தண்ணீர்கூடக் கேட்காமல் விழுங்கியவர், அதன் பிறகு ஒரு நாளும் விடவில்லை, அஞ்சலை விட்டால்தானே! கடைசிச் சளிச் சோதனையில் கிருமி இல்லை. சொன்னதும் தேசப்பன் சிரித்தார். உடனே முகம் வாடியது.

“அப்ப நாளையிலேர்ந்து நீ வரமாட்டியா? இவ வாய நான் ஒருத்தனே எப்டி சார் தாங்குறது?”

சர்க்கரை, குடி, பட்டினி என்று மருந்தைக் கெடுப்பவற்றையெல்லாம் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர்கள், மருந்தை உள்ளே இறக்கும் வேலையை மட்டும் பெண்டாட்டிமார்களிடம் விட்டுவிட்டார்கள்.