ஆற்றுக்குக் கிழக்கே ஒரு முதலீடு

வாடகைக்கு விட வீடு வாங்குவதற்கு உகந்த ஊர்கள் என்று லண்டனில் யாராவது அடிக்கடி ஒரு பட்டியல் போடுவார்கள். எங்கள் ஹல் நகரத்துக்கு அதில் கௌரவமான இடம் கிடைக்கும். குடியிருக்க உகந்த ஊர்கள் என்று இன்னொன்றும் போடுவார்கள். அதில் எங்களைத் தேடுகிறவர்கள் அடியிலிருந்து ஆரம்பித்தால் நேரம் மிச்சம். ஒரு ஊரில் வீடு மலிவு, வாடகை நிச்சயம் என்றால் அங்கே வீடு வாங்குகிறவர் வேறு ஊரில் இருக்கிறார் என்று அர்த்தம். மான்செஸ்டரில் உயரமான கட்டடங்களை வாங்கி வைத்திருப்பவர்கள் அந்த லிப்டில் ஏறியதே இல்லை. லீட்ஸும் லிவர்பூலும் அப்படித்தான். எங்கள் ட்ரெவர் பிளென்கினுக்கு வேறு ஊர் தேவைப்படவில்லை. ஆற்றைத் தாண்டினாலே போதுமாக இருந்தது.

ட்ரெவர் மேற்கு ஹல்காரர். அப்பா மீன்பிடிக் கப்பலில் போனவர், மகன் நகரப் பேருந்து ஓட்டினார். ஆற்றுக்கு மேற்கே இருப்பவர்களுக்கு ரக்பி அணி கறுப்பு வெள்ளை, கிழக்கே இருப்பவர்களுக்குச் சிவப்பு வெள்ளை. கலப்புத் திருமணங்கள் நடக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் குடும்பங்களில் வெள்ளிக்கிழமை ஆட்டத்தன்று சாப்பாடு தனித்தனித் தட்டில், தனித்தனி அறையில். பேருந்து ஓட்டுநராக ட்ரெவர் தினமும் பல தடவை கிழக்கே போய் வந்தார். வேலைக்காகப் போவது வேறு.

அப்படிப் போய் வந்ததில்தான் ஒரு வரிசை வீடு கண்ணில் பட்டது. மேற்கைவிட மலிவு. முன்னால் சிறிய திண்டு, பின்னால் குப்பைத் தொட்டிகள் நிற்கும் சந்து, மாடியில் இரண்டு படுக்கையறை. வாங்கிவிட்டார். கிளப்பில் ஒருவன் கேட்டான்.

"கிழக்கேயா? அங்க போயா இருக்கப் போற?"

"முதலீடு பண்றேன்டா. குடியிருக்கப் போறேன்னு எவன் சொன்னான்?"

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பணத்துக்கு ரக்பி அணி கிடையாது.

வீட்டில் குடிவந்தவள் கிளெனிஸ் ஸ்டாதர்ஸ். மீன் வறுவல் கடையில் வேலை. சிப்ஸ் மேல் சிவப்பு மசாலாவைத் தாராளமாகத் தூவுகிறவள் என்பதால் கடையில் அவள் கவுண்டரில் மட்டும் வரிசை நீளம். கணவர் இறந்தவர், பிள்ளைகள் இல்லை. வந்த முதல் வாரமே வாசல் கதவுக்குச் சிவப்பு வண்ணம் அடித்தாள். ட்ரெவர் பொறுத்துக்கொண்டார். சிறப்பான குடித்தனக்காரி, வாடகை தவறாது. அந்தக் கதவு வழியாக உள்ளே போகும்போது மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு போவார்.

ட்ரெவர் பேருந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாலாவது மாதம் அவர் மனைவி லொரெய்ன் ஒரு காலைச் சாப்பாட்டின்போது, ட்ரெவர் பகல் முழுக்க வீட்டில் இருப்பார் என்று கல்யாணத்தின்போது யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றாள். சண்டை இல்லை. குரல் உயரவில்லை. வீடு அவள் அம்மா வழியில் வந்தது. பெட்டியைக் கட்டிக் கொடுத்தவளும் அவள்தான். காலுறைகளை ஜோடி சேர்த்து மடித்து வைத்திருந்தாள்.

ட்ரெவர் தங்கை ஏவ்ரில் வீட்டுக்குப் போனார். துணி தேய்க்கும் பலகையும் கிறிஸ்துமஸ் மரமும் இருந்த அறையில் அவற்றுக்கு நடுவே ஒரு கட்டில் போடப்பட்டது.

"ஈஸ்டர் வரைக்கும் இரு அண்ணே," என்றாள் ஏவ்ரில். "அப்புறம் எம்பொண்ணு குழந்தையோட வர்றா. அந்த ரூம் வேணும்."

"ஈஸ்டருக்கெல்லாம் முன்னாடியே போயிடுவேன்."

"அவசரமில்ல. ஆனா ஈஸ்டர்."

அவள் கணவன் நெவில் விஷயத்தை நேராகப் பேசுகிறவன். அதனால் குடும்பத்தில் அவனை அதிகம் பேச விடுவதில்லை. "மச்சான், ஒனக்குச் சொந்தமா ஒரு வீடு இருக்கு. அந்தம்மாவக் காலி பண்ணச் சொல்லி ஒரு நோட்டீஸ் குடு. சட்டத்துல வழி இருக்கு."

"தெரிஞ்ச மனுஷிக்கு நோட்டீஸ் அனுப்பறதா? நேர்ல போய்ச் சொல்றதுதான் மரியாதை."

இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்கள் தவறு செய்வார்கள். கடுதாசியில் எழுதினால் எதையும் எழுதிவிடுவோம். நேரில் என்றால் முதலில் வானிலை, பிறகு தேநீர், பிறகு யாருடைய முழங்கால் வலியாவது. அதற்குள் கிளம்ப நேரமாகிவிடும்.

ட்ரெவர் போனார். ஆற்றுப் பாலம் படகுக்காகத் தூக்கியிருந்தது, காத்திருந்தார். தூக்காத நாளிலும் தாமதத்துக்கு எங்கள் ஊரில் சொல்லும் காரணம் அதுதான், அன்று உண்மையாகவே தூக்கியிருந்தது. காத்திருந்த நேரத்தில் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டார். கிளெனிஸ் கதவைத் திறந்ததும் கெட்டிலைப் போட்டாள்.

"வா கண்ணு. என்ன, வீட்டப் பாக்க வந்தியா?"

"ஆமாங்க. வீட்டப் பத்திக் கொஞ்சம் பேசலாம்னுதான்."

"நல்லவேள. மாடி ஜன்னல் மூடவே மாட்டேங்குது. ராத்திரி காத்து விசில் அடிக்குது."

ட்ரெவர் மாடிக்குப் போய் ஜன்னலைப் பார்த்தார். அடுத்த வாரம் புது ஜன்னல் வந்தது.

இரண்டாவது தடவை வேறு வழியில் ஆரம்பித்தார். "இந்த வீட்டுல சில மாத்தம் பண்ணலாம்னு யோசிச்சிட்டிருக்கேன்."

"சமையலறைதானே? நானே சொல்லலாம்னு இருந்தேன். நீ நல்ல மனுஷன்யா. என் தங்கச்சி குடியிருக்கற வீட்டு ஓனர் குழாயக் கூட மாத்த மாட்டான்."

நல்ல மனுஷன் என்று ஒருத்தி சொன்ன பிறகு, அடுத்த வாக்கியத்திலேயே காலி பண்ணுங்கள் என்பது மேற்கு ஹல்லில் வழக்கமில்லை. சமையலறை வந்தது. வெளிர் பச்சை அலமாரிகள். நிறத்தைத் தேர்ந்தெடுக்கக் கிளெனிஸ் அவரையும் கடைக்கு அழைத்துப்போனாள். சிவப்பை மட்டும் அவர் மறுத்தார். தன் உரிமையை அவர் நிலைநாட்டிய ஒரே தருணம் அது.

"சொல்லிட்டியா மச்சான்?" என்று நெவில் கேட்டான்.

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னா என்ன?"

"புரிஞ்சிக்கிற அளவுக்குச் சொல்லிருக்கேன்."

"என்ன புரிஞ்சிக்கிட்டா?"

"வாஷிங் மெஷின் சமையலறையிலேயே இருக்கணும்னு."

மார்ச் மாதம் மூன்றாவது தடவை. இந்த முறை உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"இங்க இன்னும் எவ்வளவு நாள் இருக்கறதா உத்தேசம்னு சும்மா கேக்கலாம்னு வந்தேங்க. அவசரமில்ல."

கிளெனிஸ் பிஸ்கட் டப்பாவை மேசையில் வைத்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜன்னல், சமையலறை எல்லாம் செஞ்சிட்டு நான் போயிடுவேனோன்னு பயமா கண்ணு? நான் எங்கயும் போகல. இந்த வீட்டுலேர்ந்து என்னக் கால் முன்னால வச்சித்தான் தூக்கிட்டுப் போவாங்க. போதுமா?"

"ரொம்ப சந்தோஷம்," என்றார் ட்ரெவர். இரண்டு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

ஏவ்ரிலின் மகள் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமையே குழந்தையோடு வந்துவிட்டாள். ட்ரெவரின் பெட்டி நடைவழிக்கு வந்திருந்தது. போகச் சொன்னதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்று, தடுக்கி விழாமல் இருக்கத்தான் அங்கே வைத்தேன் என்றான் நெவில். அறைக்குள் இருக்கும்போது அது யாரையும் தடுக்கவில்லை. கட்டிலின் இடத்தில் இப்போது தொட்டில். கிறிஸ்துமஸ் மரத்துக்கு மட்டும் இன்னும் இடம் இருந்தது.

"எங்க போற அண்ணே?"

"என் வீட்டுக்கு," என்றார். அப்படிச் சொல்லிப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாளாக ஆசை.

மூடுபனி ஆற்றின்மேல் படுத்திருந்த காலை அது. பாலம் அன்று ஒழுங்காகக் கீழே இறங்கிக் கிடந்ததால் யோசிக்க நேரமே கிடைக்கவில்லை. கிளெனிஸ் கதவைத் திறந்தாள். முகத்தைப் பார்த்தாள், பிறகு பெட்டியை.

"லீவுக்கு ஸ்பெயின் போறியா?"

"இல்லங்க. லொரெய்ன் வீட்டுலேர்ந்து கிளம்பிட்டேன். நாலஞ்சு மாசமாச்சு. தங்கச்சி வீட்டுலயும் இனிமே இடமில்ல."

"உள்ள வா."

கெட்டிலைப் போட்டாள். பச்சை அலமாரியிலிருந்து இரண்டு கோப்பைகளை எடுத்தாள்.

"இதச் சொல்லத்தான் மொத தடவையே வந்தேங்க," என்றார் ட்ரெவர். "ரெண்டாவது தடவையும்."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஜன்னலப் பாக்கறதுக்கு ஞாயித்துக்கெழம சட்டை போட்டுட்டு எவன் வருவான்? ஏவ்ரில் எங்க கடைக்கு மீன் வாங்க வர்றவதான். மாடியில எங்கண்ணன் இருக்கான், எப்ப போவான்னு தெரியலன்னு போன வருஷமே சொல்லிட்டா. எனக்கு அறுபத்திமூணு வயசு. இந்த வாடகைக்கு இன்னொரு வீடு எனக்கு எங்க கெடைக்கும்? நீ வாயத் தெறந்து சொல்ற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. அதுதான் என் திட்டம்."

"நல்ல திட்டம்தாங்க."

"இப்ப சொல்லு. கேக்கறேன். காலி பண்ணுங்கன்னு சொல்லு. சொன்னா நான் போறேன், சண்ட போட மாட்டேன்."

ட்ரெவர் தேநீரைப் பார்த்தார். அலமாரிகளைப் பார்த்தார். நிறத்துக்காக ஒரு மணி நேரம் கடையில் நின்றது நினைவுக்கு வந்ததோ என்னவோ. சர்க்கரை போதவில்லை என்றார்.

கிளெனிஸ் சர்க்கரையை நகர்த்தி வைத்தாள். "பின்னறை காலியாத்தான் கெடக்கு. சாமான் கொஞ்சம் இருக்கு, எடுத்துடலாம். ஆட்டத்தன்னிக்குக் கறுப்பு வெள்ளைய ஜன்னல்ல கட்டக்கூடாது. குளிக்கிற முறை காலையில எனக்கு மொதல்ல. வாடகையில உன் பங்கக் கழிச்சிக்கறேன்."

தன் வீட்டில் தனக்கு என்ன பங்கு என்பது பற்றி ட்ரெவர் கணக்குக் கேட்கவில்லை. லண்டனில் பட்டியல் போடுகிறவர்களிடம் கேட்டால் இதற்கும் ஒரு சதவீதம் சொல்வார்கள்.

மறுநாள் காலை அவர் இருமிக்கொண்டே இறங்கி வந்தார்.

"அந்தப் பின்னறைச் சுவர் பூராவும் ஈரங்க. மூலையில பூசணம் கறுத்துக் கெடக்கு. இதுல எப்படி மனுஷன் தூங்கறது?"

"நான் அங்க தூங்கறதில்லயே. அதனாலதான் சாமான் போட்டு வச்சிருந்தேன்."

"சொல்லிருக்கலாமே."

"வீட்டு ஓனர்கிட்ட வருஷா வருஷம் சொல்றேன்," என்றாள் கிளெனிஸ், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. "ஆகட்டும் பாக்கலாம்பார். ஒருநாள்கூட அந்த ரூமுக்குள்ள வந்து பாத்ததில்ல."

ட்ரெவர் ரொட்டியை முடித்தார். பிறகு நெவிலிடம் ஏணி இரவல் கேட்கக் கிளம்பினார்.