வளையலைக் கழற்றி வைத்த நாட்கள்

மூன்று வருஷத்துக்கு முன்னால், பம்பாயில் மழை அப்போதுதான் பிடித்திருந்தது. தாராவியில் நைன்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் நான் வேலை பார்க்கிறேன். போர்டில் நீளமாக ஏதோ பெயர் இருக்கிறது. ஏரியாவில் எல்லோருக்கும் அது பால்வாடிதான். பத்து வருஷத்துக்கு மேலாக அங்கே கைக்குழந்தைகள் ரூமில் டீச்சராக இருந்தேன். அந்த வருஷம் எங்கள் பெரிய மேடம் மகன் வீட்டோடு போய்விட, காப்பகத்தை நடத்தும் ஆபீசில் என்னைக் கூப்பிட்டு "இனிமே நீங்கதான் மேடம்" என்று சொல்லிவிட்டார்கள்.

சந்தோஷமாக இல்லை என்று சொன்னால் அது பொய். கைக்குழந்தைகள் ரூமில் கண்ணாடி வளையல் போடக் கூடாது. உடைந்தால் பிள்ளைகள் மேல் கீறிவிடும். அதனால் அத்தனை வருஷமும் கைக்கு ஒரு பிளாஸ்டிக் வளையலோடு காலத்தை ஓட்டினேன். மேடம் ஆன அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் வாங்கி வந்தார். "இனி நீ ஆபீஸ்காரி. கை கலகலன்னு இருக்கட்டும்ளா" என்று ஒரே கிண்டல்.

ஆனால் மேடம் ஆனால் மடியில் பிள்ளை இருக்காது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என் மேஜைக்கும் கைக்குழந்தைகள் ரூமுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தட்டிதான். ஆள் உயரம் இருக்கும், அதற்கு மேல் திறந்த வெளி. யார் இருமுகிறார்கள், யார் தூக்கத்தில் புரண்டு படுக்கிறார்கள் என்று இந்தப் பக்கம் உட்கார்ந்தே சொல்லிவிடுவேன். சொல்லி என்ன செய்ய? காஸ் சிலிண்டர் வரவில்லை, தண்ணீர் டாங்க் ஒழுகுகிறது, ஆபீசிலிருந்து போன் என்று என் நேரமெல்லாம் அதிலேயே போனது. மாலையில் வீட்டுக்குப் போனால் புடவையில் பால் வாசனை கூட இருக்காது.

அந்த ரூமில் ஒன்றரை வயசில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். எட்டு மாசத்தில் எங்களிடம் வந்தவள். அவள் அம்மா பக்கத்தில் ஒரு கார்மெண்ட்ஸ் பட்டறையில் நூல் வெட்டும் வேலைக்குப் போகிறாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கி, என் மடியிலேயே உட்காரப் பழகி, என் கையைப் பிடித்து நிற்கப் பழகியவள். நான் தட்டிக்கு இந்தப் பக்கம் வந்ததும் என் இடத்துக்கு இருபத்திரண்டு வயசில் ஒரு புது டீச்சர் வந்தாள், தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவள். இந்தக் குட்டி அவளிடம் வாயே திறக்க மாட்டேன் என்றது. மதியம் பருப்பு சாதம் பிசைந்து எடுத்தால் போதும், வீல் என்று ஆரம்பித்துவிடும்.

நான் எழுந்து போவேன். வளையலை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு அவளைத் தூக்குவேன். அழுகை நின்றுவிடும். என் கையால் ஊட்டினால் தட்டு காலி. எனக்கு அது எவ்வளவு பெருமை தெரியுமா? உண்மையைச் சொன்னால், பன்னிரண்டு மணி ஆகிவிட்டால் இன்னும் அழ ஆரம்பிக்கவில்லையே என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்தச் சமயத்தில் செம்பூரில் சனிக்கிழமைதோறும் எங்களுக்குப் பயிற்சி நடந்தது. கோவண்டி, ஆண்டாப் ஹில், டிராம்பே என்று அக்கம்பக்கத்துக் காப்பகங்களின் மேடம்கள் எல்லாம் வருவார்கள். சுவரில் 'லீடர்ஷிப்' என்று பெரிசாக ஒட்டியிருக்கும். எனக்கென்னவோ இடைவேளையில் வரும் வடாபாவ்தான் முக்கியமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை பயிற்சி கொடுக்கும் அம்மா இந்தியில் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் சென்டரில் நீங்கள் இல்லாவிட்டால் நடக்கவே நடக்காத வேலை ஒன்று சொல்லுங்கள் என்றார்.

ஒருத்தி கணக்கு எழுதுவது என்றாள். இன்னொருத்தி தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை போடுவது என்றாள். நான் துள்ளிக்கொண்டு எழுந்து இந்தக் குட்டியின் கதையைச் சொன்னேன். என் கையால் மட்டும்தான் சாப்பிடுவாள் என்று கையை நீட்டியே காட்டினேன். எல்லோரும் "அச்சா, அச்சா" என்று தலையாட்டினார்கள். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் ஊட்டும்போது அந்த ரூம் டீச்சர் என்ன செய்வார்?" என்றார்.

"பக்கத்தில் நிற்பாள்" என்றேன்.

"நின்று?"

சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குடைந்த மாதிரி ஆகிவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆண்டாப் ஹில் மேடத்திடம் கொட்டித் தீர்த்தேன். "அந்தம்மா என்னைக்காவது ஒரு பிள்ளைக்கு மூக்கு துடைச்சு விட்டிருக்குமா? கேள்வி கேக்க வந்துட்டு!" அவளும் என்னோடு சேர்ந்து திட்டினாள். நல்ல மனுஷி.

திங்கட்கிழமை காலையில் புது டீச்சர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, இந்த மாசத்தோட நின்னுக்கிடுதேன்."

"ஏன்ட்டி? சம்பளமா?"

"அதில்லக்கா. கோபப்படாதிய. நீங்க வர்ற வரைக்கும் அவ எங்கிட்ட சாப்பிட மாட்டுக்கா. நீங்க வந்த பிறகு நான் எதுக்கு? தட்டிக்கு அந்தப் பக்கம் உங்க வளையல் சத்தம் கேட்டாலே போதும், வாய இறுக்க மூடிக்கிடுதா. மத்ததுகளும் இப்ப அவளப் பாத்து உங்களத் தேடுதுங்க. ஆயான்னு வேணா கூப்பிடுங்க, டீச்சர்னு சொல்லாதிய. எனக்கு வெக்கமா இருக்கு."

சுருக்கென்று தைத்தது. கோபமும் வந்தது. நேற்று வந்தவள் எனக்குச் சொல்கிறாளா என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. இவள் போய்விட்டால் வேறு ஆள் கிடைக்கும் வரை கைக்குழந்தைகள் ரூமை மூடச் சொல்லிவிடுவார்கள். அத்தனை அம்மாக்களும் வேலையை விட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அதிலும் அந்தக் குட்டியின் அம்மா பழைய பட்டறையை விட்டு இந்தப் பட்டறைக்கு மாறியே கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நாளைக்கு வரவில்லை என்றால் அந்த இடத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்துவிடுவாள்.

"ஒரு வாரம் குடு. நான் அந்த ரூம் பக்கமே வரல. அதுக்குப் பிறகும் அவ சாப்பிடலன்னா நீ போ" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எப்படி இருக்கப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் காலையில் வீட்டிலேயே வளையல்களைக் கழற்றி வைத்தேன். "என்னட்டி, கை மொட்டையா இருக்கு?" என்று வீட்டுக்காரர் முகம் சுளித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "மேடம்னா ரொம்ப கஷ்டந்தான் போல" என்றார். முன் வாசல் வழியாகப் போனால் அந்த ரூமைத் தாண்ட வேண்டும். அதனால் பின்பக்கச் சந்தில், சாக்கடைப் பலகை மேல் கால் வைத்து, அடுக்களை வழியாகத் திருடி மாதிரி உள்ளே நுழைந்தேன். எங்கள் சமையல் மௌசி வெறும் கையைப் பார்த்துப் பதறிவிட்டாள். "சூடி கிதர் கயா?" வளையல் எங்கே போச்சு என்று நெஞ்சில் கை வைத்துக் கேட்டாள். என் வீட்டுக்காரருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டாள் பாவம். வளையல் வீட்டில்தான் இருக்கிறது, அவரும் நன்றாகத்தான் இருக்கிறார் என்று அவளுக்குச் சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு அழுகை ஆரம்பித்தது. எத்தனையோ குழந்தைகள் அழுது கேட்டவள் நான். ஆனால் அன்றைக்கு மாதிரி என்றைக்கும் கேட்டதில்லை. என்னைத்தான் கூப்பிடுகிறாள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நடுவில் ஒரு பிளைவுட். எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். போனில் ஆபீஸ்காரர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. கடைசியில் முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு பின்பக்கச் சந்தில் போய் மழைச் சாரலில் நின்றேன். அங்கேயும் கேட்டது.

சாப்பிடவில்லை. கொஞ்சம் பால் மட்டும் குடித்துவிட்டு அழுதபடியே தூங்கிவிட்டாள். சாயங்காலம் அவள் அம்மா வந்தாள். "டீச்சரக்கா, சாப்பிட்டாளா?" நான் எப்போதும் தட்டு காலி என்பேன். அன்றைக்கு "இல்லம்மா" என்றேன். "நீங்க ஊட்டலியா?" என்று கேட்டாள். அவள் முகம் செத்துவிட்டது. புது டீச்சரிடம் பழக விட்டிருக்கிறோம், பால் குடித்தாள், காய்ச்சல் ஒன்றும் இல்லை, ரெண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று விளக்கினேன். தலையை ஆட்டிவிட்டுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். நான் போய் ஊட்டியிருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. அந்த நினைப்பு அன்று என்னைத் தூங்க விடவில்லை.

அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாள் அழுகை கொஞ்சம் சுருதி இறங்கியது, நாலு வாய் உள்ளே போனதாக மௌசி வந்து காதில் சொன்னாள். அந்த நாலு வாயில் எனக்குச் சந்தோஷம் பாதி, வேறு ஏதோ பாதி. அந்த வேறு ஏதோவை அப்போது ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி தாண்டியும் சத்தமே இல்லை. பயந்துவிட்டேன். பிறகு ஒரு சிரிப்புச் சத்தம். அதுவும் அந்தக் குட்டியின் சிரிப்பு. நான் மேடம் என்பதையெல்லாம் மறந்து பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறித் தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

டீச்சர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து "ஆ" என்று வாயைத் திறந்து வைத்திருந்தாள். குட்டி தன் சின்னக் கையால் பருப்பு சாதத்தை அள்ளி அவள் வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். பாதி மூக்கில், பாதி தரையில். டீச்சர் ஒரு வாய் வாங்கினால் அடுத்த வாய் அவளுக்கு. அவளும் "ஆ" என்று திறந்தாள். நான் இருந்தபோது ஒரு பருக்கை கீழே சிந்த விடமாட்டேன். பிள்ளை எனக்கு ஊட்டட்டும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தோன்றியதில்லை.

மெதுவாக ஸ்டூலிலிருந்து இறங்கினேன். மேஜையில் உட்கார்ந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மௌசி டீ கொண்டுவந்து வைத்தாள்.

டீச்சர் வேலையை விட்டு நிற்கவில்லை. அந்த வாரம் போய், அதற்கடுத்த வாரங்களும் போயின. நானும் வாக்குக் கொடுத்த மாதிரி அந்த ரூமுக்குள் போகவில்லை. ஆடிப்பூரத்தன்று எங்கள் சந்து அம்மன் கோவிலில் அம்மனுக்குச் சாத்திய வளையலை எல்லாப் பெண்களுக்கும் கொடுத்தார்கள். அதைப் போடாமல் இருக்க முடியுமா? கை நிறையப் போட்டுக்கொண்டு, அன்றைக்கு முன் வாசல் வழியாகவே வந்தேன். கைக்குழந்தைகள் ரூம் வாசலில் கால் தானாக நின்றுவிட்டது.

குட்டி டீச்சர் மடியில் உட்கார்ந்து படப் புத்தகத்தில் யானையைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் கையைத் தூக்கி முடியை ஒதுக்குகிற மாதிரி வளையலைக் குலுக்கினேன். வேண்டுமென்றேதான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்தது, கண்ணில் நன்றாகவே தெரிந்தது. சிரித்தாள். என் கைகள் பாதி நீண்டுவிட்டன.

அவள் வலது கையைத் தூக்கி எனக்கு டாட்டா காட்டினாள்.

காலையில் வாசலில் நிற்கும் அம்மாக்களுக்கு அழாமல் டாட்டா சொல்லப் பிள்ளைகளைப் பழக்குவோம். வாசலில் நிற்பவர்கள் போகிறவர்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "ஏட்டி, அக்காட்ட போ" என்று டீச்சர் பதறிப்போய் அவளை எழுப்பப் பார்த்தாள். "இருக்கட்டும், விடு" என்றேன். நானும் டாட்டா காட்டிவிட்டு என் மேஜைக்கு வந்தேன். சிலிண்டர்காரரிடமிருந்து போன் அடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் குட்டி இப்போது பக்கத்து முனிசிபல் ஸ்கூலில் பாலர் வகுப்பில் படிக்கிறாள். வழியில் பார்த்தால் அந்த டீச்சரிடம்தான் ஓடுகிறாள், என்னைத் தெரியவில்லை. எங்கள் காப்பகத்தைப் பார்க்க இப்போது வேறு இடங்களிலிருந்து மேடம்கள் வருகிறார்கள், நான் ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தாலும் ஒரு குறை இல்லாமல் நடக்கிறது என்று பாராட்டுகிறார்கள். ஆனால் இன்றைக்கும் மதியம் பன்னிரண்டு மணி ஆனால், "அக்கா, கொஞ்சம் வாங்களேன், இவ எங்கிட்ட சாப்பிட மாட்டுக்கா" என்று தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து யாராவது கூப்பிட மாட்டார்களா என்று மனசு ஏங்குகிறது, அப்படி யாரும் கூப்பிட வேண்டியிராதபடி எல்லாவற்றையும் சரியாகச் செய்து வைத்திருப்பதும் நானேதான்.