பூட்டிய வீட்டுக்கு மீட்டர் காசு

சொந்த வீட்டுக்கு முதல் மின்கட்டணக் கணக்கு வந்த நாளில் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது.

முதலிபாளையம் பக்கம் கடனை உடனை வாங்கிச் சின்னதாக ஒரு வீடு கட்டிக் குடிவந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கணக்கெடுக்க வந்தவர் மீட்டரைப் பார்த்துவிட்டு, "கட்ட வேண்டியது ஒண்ணும் இல்லீங்க. நூறு யூனிட்டுக்குள்ளதான் ஓடியிருக்குது" என்றார்.

"மீட்டர் காசுன்னு மாசாமாசம் உண்டுங்களே? எரிச்சாலும் எரிக்காட்டியும் கட்டோணுமே, அதுங்க?"

அவர் சிரித்துவிட்டார். "அது கம்பெனிக்குங்க. ஊட்டுக்கெல்லாம் அதை எடுத்து வருஷக்கணக்காச்சுங்க."

அவர் சிரித்ததில் தப்பில்லை. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய குழப்பம் இது. ஆர்டர் இல்லாமல் மிஷின்கள் சும்மா கிடக்கும் மாதங்களில் எங்கள் முதலாளி, "ஓடாட்டியும் பிக்சட் சார்ஜ் கட்டித் தொலையோணும்" என்று புலம்பாத நாளே கிடையாது. அதைக் கேட்டுக் கேட்டே ஓவர்லாக் மிஷினில் பனியன் தைத்தவள் நான். அதனால் அருள்புரத்தில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்த, வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளின் சொந்தக்காரம்மா, எரித்த யூனிட்டுக்கு வாங்கியது போக மாதந்தோறும் மீட்டர் காசு என்று தனியாகக் கேட்டபோது, எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கம்பெனிக்கு உண்டென்றால் வீட்டுக்கும் இருக்கத்தானே செய்யும்?

ஒரு வருஷம் சில மாதம் கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு கணவரின் ஊருக்குப் போய்க் காட்டில் களையெடுக்கிற கூலி வேலை செய்து பிழைத்தோம். திரும்பி வந்ததும் பூட்டிக் கிடந்த மாதங்களுக்கும் அந்தச் சொந்தக்காரம்மா மீட்டர் காசு கேட்டார். "பூட்டுன ஊடா இருந்தாலும் கரண்டு போர்டுக்காரன் உடறானா கண்ணு?" என்றார். கணவர் முணுமுணுத்தார். அவரை அதட்டி அடக்கியது நான்தான். அந்த அம்மாவை யாரும் ஒரு சொல் சொல்ல விடமாட்டேன்.

காரணம் இருந்தது. என் அம்மா உயிரோடு இல்லை. மகள் பிறந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தது இந்தச் சொந்தக்காரம்மாதான். தன் வீட்டு ஹீட்டரில் தண்ணீர் சுடவைத்து, வாளியைத் தானே தூக்கி வந்து, என் இடுப்பில் ஊற்றுவார். அம்மா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். மகளுக்கு அவர் அம்மாயி, அம்மாவைப் பெற்ற பாட்டி. புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று முதல் சுவிட்சைப் போட்டதும் அவர் கைதான். எனக்கு அதில் அத்தனை பெருமை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அருள்புரம் போனேன். வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கம்மா, ஊட்டுக்கு மீட்டர் காசே கிடையாதாமுங்க?"

"ஆரு சொன்னா?"

"கணக்கெடுக்க வந்தவருங்க."

வெங்காயம் உரிக்கும் கை நிற்கவில்லை. எனக்குத் தெரியாதே கண்ணு என்று அவர் ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும், நம்பிக்கொண்டு வீடு திரும்பியிருப்பேன். அதைக் கேட்கத்தான் போனேன் என்றுகூட இப்போது தோன்றுகிறது.

"நீ பெத்துக் கெடந்தப்ப நாள் தவறாம வென்னி வெச்சு ஊத்துனனே," என்றார் என்னைப் பார்க்காமல். "அந்தக் கரண்டுக்கு உங்கிட்டக் காசு கேட்டனா?"

மீட்டர் காசு போனதுகூடப் பெரிதில்லை. அந்த வெந்நீரையும் அவர் இத்தனை நாள் கணக்கில்தான் வைத்திருந்தார். பெற்ற தாய் ஊற்றியதாக நினைத்து உச்சி குளிர்ந்து கிடந்த முட்டாள் நான். எழுந்து வந்துவிட்டேன்.

மகளிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தலைசீவி நிற்கிறாள்.

"அம்மாயி ஊட்டுக்கு எப்பம்மா போறோம்?"


ஒவ்வொரு வாரமும் நாளைக்கு என்கிறேன்.