எழுத்து போட்ட ஞாயிற்றுக்கிழமை

நீங்கள் செல்போனில் படம் பார்க்கும்போது முதலில் வரும் பெயர்களை ஒரே தட்டில் தள்ளிவிடுகிறீர்கள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை, பிள்ளைகளே. நாங்கள் அதை 'எழுத்து போடுவது' என்போம். அந்த எழுத்துக்காக என் மாமா ஒருமுறை தன் வேலையையே பணயம் வைத்தார். அப்போது எனக்கு எட்டு வயது.

மாமா என் அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். ஒரு வருஷம் வேலையில்லாமல் கிடந்துவிட்டு, அம்பத்தூரில் ஒரு தியேட்டரில் படம் ஓட்டும் வேலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். அந்த வெள்ளிக்கிழமை புதிதாக ஒரு காதல் படம் வந்தது. எழுத்து வரும் பகுதியை வெட்டிவிடச் சொன்னார் மேனேஜர். மேட்னி ஜனம் வெளியே போவதற்குள் அடுத்த ஆட்டத்துக் கூட்டம் கேட்டில் வந்து முட்டுகிறதாம், ஐந்து நிமிஷம் மிச்சமாகுமாம்.

மாமா தயங்கியிருக்கிறார். "எழுத்தைப் பாக்கவாயா டிக்கெட் எடுத்துகினு வரான்?" என்று மேனேஜர் வாயை அடைத்துவிட்டார். மாமா பிலிமை வெட்டி, சுருட்டி, ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தார்.

அன்று மேட்னிக்கு நான் போயிருந்தேன். விளக்கு அணைந்ததும், மழையில் ஒரு பஸ் நிறுத்தம். ஒரு பையன், ஒரு பெண். இரண்டு பேரும் பேசவில்லை. நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள்.

"இன்னாபா, பஸ்ஸு வருமா வராதா?" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

"அண்ணாத்தே, அந்தப் பொண்ணாண்ட டைமாவது கேளேன்" என்றது இன்னொன்று.

பக்கத்துத் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அதற்குப் பிறகு அந்த ஜோடி அழுதாலும் எங்களுக்குச் சிரிப்புதான்.

மறுநாள் காலை மாமாவுக்கு இட்லி இறங்கவில்லை. "படம் செத்துச்சுக்கா. நான்தான் கத்திரிக்கோலால கொன்னுட்டேன்" என்றார்.

"வாயை மூடிகினு வேலையைப் பாரு. இன்னொரு தபா வேலை போச்சுன்னா இந்த ஊட்டுல உனக்கு சோறு கெடையாது" என்றாள் அம்மா.

மாமா வாயை மூடிக்கொண்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப் போய் முன்னதாகவே உள்ளே உட்காரவைத்தார். யாரிடமும் கேட்காமல், வெட்டியதை எடுத்துத் திரும்பவும் ஒட்டியிருந்தார்.

முதலில் திரை முழுக்க இருட்டு. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடி மெல்லத் தெரிந்தது. அதில் முத்து முத்தாய்த் துளிகள். அவை ஒன்றுகூடி ஒரு பெயராயின; பெயர் வழிந்து கரைந்து அடுத்த பெயராயிற்று. இவ்வளவுக்கும் நடுவே இரண்டு துளிகள் மட்டும் தனித்தனியாக இறங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் வரும், விலகிப் போகும். ஒரு வயலின் அவற்றின் பின்னாலேயே நடந்து வந்தது. தெருவில் வெயில் கொளுத்தியபோதும் உள்ளே எனக்குக் குளிர்ந்தது. இரண்டும் சேரப்போகிற நேரத்தில் கண்ணாடி மறைந்தது. அதே பஸ் நிறுத்தம். அதே பையன், அதே பெண்.

ஒருவரும் சிரிக்கவில்லை. முறுக்குக்காரர்கூடத் தட்டோடு நடுவழியில் நின்றுவிட்டார். அவர்கள் பேசிவிட வேண்டுமே என்று நான் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தேன்.

படம் முடிந்து, மாமா படம் ஓட்டும் மாடி அறைக்கு ஓடினேன். மேனேஜர் மாமாவின் முன்னால் கை நீட்டி நின்றார். "யாரைக் கேட்டு ஒட்னே? ரூம் சாவியை வச்சிட்டு ஊட்டுக்குப் போ."

மாமா சாவியைக் கொடுத்தார். எனக்கு அழுகை முட்டியது. "சார், வெள்ளிக்கெழமதான் அவங்க ரெண்டு பேரும் சரியாவே நடிக்கல. இன்னிக்கு நல்லா நடிச்சாங்க சார்" என்றேன்.

மேனேஜர் என்னையே பார்த்தார். சின்ன ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்தார். சில பேர் இன்னும் நாற்காலியை விட்டு எழவில்லை. "நாளையிலேர்ந்து அஞ்சு நிமிசம் முன்னாடி ஆரம்பி" என்று சாவியை மாமாவின் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் படியிறங்கினார்.

"வெள்ளிக்கெழம மட்டும் ஏன் மாமா அப்படி நடிச்சாங்க?" என்று கேட்டேன்.

"எழுத்துல அவங்க பேரைப் போடலேல்ல, அந்தக் கோவம்டா" என்றார் மாமா.

நான் அதை அப்படியே நம்பினேன். வெகுநாள்வரை, பிடிக்காத படம் எதைப் பார்த்தாலும், பாவம், கோபத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். திரையில் இருந்த இருவரும் இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் நின்றார்கள், வேறு ஆளாக உட்கார்ந்திருந்தது நான்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.