குப்பாயி அக்காவின் குரலும் ஒரு வெள்ளைக் குட்டியும்

ஆட்டையாம்பட்டியில் எங்கள் நெசவுத் தெருவில் ஐம்பது தறி ஓடும். எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் அடித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. அந்த இரைச்சலுக்கு மேலே ஏறி, தெருக்கோடியில் போகிற ஆளைப் பேர் சொல்லி நிறுத்தக்கூடிய குரல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது குப்பாயி அக்காவின் குரல். நான் அளக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர் "ஏய்!" என்றால் மாடு நிற்கும், காக்கை பறக்கும், என் வீட்டுக்காரர் தறியில் ஓடுகிற நாடா அப்படியே நின்றுவிடும். அடுத்த வீட்டில் குடியிருந்தவள், அனுபவித்துச் சொல்கிறேன்.

அவருக்கு ஒரே மகன், சுப்பையன். பத்தொன்பது வயதில் யாரிடமும் சொல்லாமல் சேலத்துக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். அம்மாவின் சத்தத்துக்குப் பயந்து சண்டைக்குப் போய்விட்டான் என்று தெருவே சிரித்தது. நானும்தான் சிரித்தேன், மறைப்பானேன்.

யுத்த காலம் அது. நூலுக்குக் கட்டுப்பாடு. ஒரு பாவுக்கு, அதாவது தறியில் நீளவாட்டில் கட்டும் இழைகளுக்கு, வேண்டிய நூல் கிடைக்க இரண்டு மாதம் காத்துக் கிடப்போம். கிடைத்த நூலைப் பாவாக ஓட்டி, கஞ்சி போட்டு, வீட்டில் சுருட்டி வைத்தால் கஞ்சி ருசிக்கு எலி வந்துவிடும். ஆடி மாதம் ஒரு நாள் காலையில் அக்காவின் வீட்டுக்காரர் வீரபாகு மாமா பாவைப் பிரித்துப் பார்த்தார். நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு இழைகள் அறுந்து தொங்கின. மனிதர் அறுந்த நுனிகளை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கே அக்கா என் வாசலுக்கு வந்துவிட்டார்.

"வசந்தாமணி, உங்கூட்டுப் பூனை போட்டதுல ஒரு குட்டி குடு புள்ள."

நாலு குட்டியில் மூன்று கறுப்பும் சாம்பலுமாகப் படுசுட்டி. நாலாவது வெள்ளை. நீலக் கண்ணோடு, எதிலும் பட்டுக்கொள்ளாமல் தனியாகக் கிடக்கும். அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். நல்லதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

புதுப் பூனையைக் கொண்டுபோக எங்கள் தெருவில் ஒரு முறை உண்டு. வழி தெரியாதபடி சாக்கில் போட்டுத் தூக்கிப் போய், அடுப்பை மூன்று சுற்றுச் சுற்றி, பிள்ளைக்குச் சொல்வதுபோல அதன் காதில் மூன்று தரம் பேர் சொல்ல வேண்டும். பேர் சொன்னவர் குரலுக்கு அது கட்டுப்படும் என்பார்கள். அக்கா சொன்ன "வெள்ளையம்மா" மூன்றும் சுவரைத் தாண்டி என் அடுப்படிவரை வந்தன. குட்டி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லையாம். "எஞ்சத்தத்துக்கு அசரவே இல்ல பாரு, தைரியசாலி!" என்று அக்கா பூரித்துப்போனார்.

பூரிப்பு நாலு நாள்தான். கருவாட்டுத் தலையைத் தட்டில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கூப்பிடுவார். வெள்ளையம்மா முதுகைக் காட்டிக்கொண்டு வெயில் காயும். ஒரு தெருவே அடங்கும் குரலுக்கு ஒரு கைப்பிடிப் பூனை அடங்கவில்லை! தறிக்குழிக்குள் இருந்தபடியே ஆண்கள் சிரித்தார்கள். எதிர்வீட்டுக் கந்தப்பன், "இதுக்கும் ஒரு பட்டாளம் பாத்து வெச்சுருங்கக்கா" என்றார். அக்கா கருவாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வீரபாகு மாமா நல்ல மனிதர்தான். ஆனால் பாவு என்று வந்துவிட்டால் இரக்கம் பார்க்க மாட்டார். "அடுத்த பாவு வரைக்கும் பாப்பம். கூப்புட்டா வராத பூனை ஊட்டுல தங்காது. சந்தையில கொண்டுபோயி உட்டுட்டு வேற பூனை புடிச்சாரலாம்" என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இதுவும் போயிருச்சுன்னா ஊரு சொல்றது நெசமாயிரும் புள்ள. எங்கிட்ட ஒரு சீவனும் தங்காதுன்னு ஆயிரும்."

ரகசியம் என்று நினைத்துத்தான் சொன்னார். நாலு வீடு தள்ளிக் கேட்டிருக்கும்.

ஆவணியில் நூல் வந்தது. விடிந்ததும் பாவு விரிக்கும் ரோட்டோரப் பாவடித் திடலில் பாவை நீளமாக விரித்துக் கட்டி, தெருவே இரண்டு பக்கமும் நின்று கஞ்சி தேய்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் பார்த்தேன், வெள்ளையம்மா ரோட்டு நடுவில் உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. வளைவில், பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓட்டிய சேலத்து பஸ் திரும்பிவிட்டது. டிரைவர் ஹாரனை அமுக்கினார். குட்டி நகரவில்லை.

"வெள்ளையம்மா!"

அந்தக் குரலை என்ன சொல்லி எழுதுவேன்? புளியமரத்துக் காக்கை அத்தனையும் எழும்பியது. என் கையிலிருந்த கஞ்சிச் சட்டி நழுவி விழுந்தது. டிரைவர் பதறிப்போய்ப் பிரேக்கை மிதித்தார். பஸ் இரண்டு முழம் தள்ளி உதறிக்கொண்டு நின்றது. குட்டி மட்டும் நிதானமாக அடுத்த காலை நக்க ஆரம்பித்தது.

டிரைவர் இறங்கினார். குட்டிக்குப் பின்னால் குனிந்து இரண்டு கையையும் படாரென்று தட்டினார். இன்னொரு முறையும் தட்டினார். பிறகு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இதுக்குச் சுத்தமாக் காது கேக்காதுங்களே. தெரியாதுங்களா?"

ஒரு மாதமாக அக்கா போட்ட அத்தனை சத்தத்தில் ஒன்றுகூட அதைப் போய்ச் சேரவில்லை. கந்தப்பன் தலை குனிந்துகொண்டார். அக்கா ரோட்டோரத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

குட்டி நக்கி முடித்து எழுந்தது. எங்கள் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தது. டிரைவரைத் தாண்டியது. பிறந்ததிலிருந்து பால் வைத்த என்னையும் தாண்டியது. நேராக அக்காவிடம் போய் மடியில் ஏறிச் சுருண்டு படுத்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கோயிலில் கற்பூரம் காட்டும்போதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை. அந்தக் குட்டிக்குத் தெரிந்த குப்பாயி அக்காவுக்குக் குரலே கிடையாது. நாங்கள் பயந்ததும் சிரித்ததும் கதவைச் சாத்திக்கொண்டதும் எதற்காகவோ, அது அதற்குத் தெரியவே தெரியாது. அதற்குத் தெரிந்தவள் வேறொரு பெண். இத்தனை வருஷம் அடுத்த வீட்டில் இருந்தும் அவளை நான் பார்த்ததில்லை.

"நாங் கூப்புடவே இல்லியே சாமி" என்றார் அக்கா. அருகில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

வீரபாகு மாமா கஞ்சிக் கையோடு வந்தார். "ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போ. பாவை நாங்க பாத்துக்கறோம்" என்றார். சந்தைப் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

அப்புறம் அக்கா தரை அதிரும்படி உள்ளங்காலால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், குட்டி எங்கிருந்தாலும் வந்துவிடும். அது தூங்கும்போது திடுதிப்பென்று தொட மாட்டார், மூக்கருகே விரலை நீட்டி வாசம் காட்டி எழுப்புவார். ரோட்டுப் பக்கம் போகவிடாமல் வாசலில் படல் கட்டினார். மார்கழிக்குள் வெள்ளையம்மா எலி பிடிக்க ஆரம்பித்தது. காது கேட்காமல் எப்படிப் பிடிக்கிறது என்று எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. ஆளுக்கு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். சுப்பையனுக்கு மாதம் ஒரு கடிதம் அக்கா சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். "உடனே லீவு போட்டுக் கிளம்பி வா" என்று ஆரம்பித்து அப்படியே முடியும். அவன் ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை. அந்த மாதமும் வழக்கம்போலக் கார்டை எடுத்து, அவர் சொல்வதற்கு முன்பே எழுதத் தொடங்கிவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"வான்னு எழுதாத வசந்தாமணி."

"அப்பறம் என்னங்கக்கா எழுதறது?"

மடியில் கிடந்த வெள்ளையம்மாவைத் தடவிக்கொடுத்தார்.

"அம்மா ஊட்டுலதான் இருக்கறேன்னு எழுது. அது போதும்."