வகுப்பறைக்கு வெளியே நின்ற கார்

பள்ளி மணி எனக்கு இரண்டு முறை கேட்கும். முதலில் மதிலுக்கு அப்பாலிருந்த கட்டடத்திலிருந்து. ஒரு மூச்சு பிந்தி, காரின் பின் இருக்கையில் என் மகள் மடியில் வைத்திருந்த திரையிலிருந்து. கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத அந்த இடைநிலைப் பள்ளியின் வாயிலுக்கு எதிரே, அங்சானா மரத்தடியில், காலை முழுவதும் எங்கள் கார் நிற்கும். சீருடை அணிந்து, தலை பின்னி, காலணி நாடாவைக் கட்டிக்கொண்டு வந்த பிள்ளை, கண்ணாடி வழியாக யாருக்கும் தெரியாதபடி இருக்கையில் சரிந்து உட்கார்ந்திருப்பாள். அவளுடைய வகுப்பு கண்ணுக்கெட்டும் தூரத்தில், மேல்மாடியில் நடந்துகொண்டிருக்கும். அவள் அதைத் திரையில் பார்ப்பாள். நான் முன் இருக்கையில் வாயைத் திறக்காமல் இருப்பேன். திறந்தால் ஏதாவது தவறாக வந்துவிடும் என்ற பயம்.

அவளை வகுப்பிலிருந்து விரட்டியதும் ஒரு திரைதான். நான்காம் படிவத்தில், பதினாறு வயதில், ஒருநாள் திடலில் நடந்த காலைச் சபைகூடலில் வெயிலில் நின்றவள் வாந்தி எடுத்து மயங்கி விழுந்தாள். பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது. ஆனாலும் யாரோ கொண்டுவந்திருந்தார்கள், படம் பிடித்தார்கள், அதற்குச் சிரிப்புச் சத்தமும் பாட்டும் சேர்த்தார்கள். பள்ளி விட்டு வீடு வருவதற்குள் அது மாணவர்களின் வாட்ஸ்அப் புலனக் குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்றிவிட்டது. மறுநாளிலிருந்து வாயில் வரை வருவாள். அங்கே கை சில்லிட்டுவிடும், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். மருத்துவர் இது மனப்பதற்றம், நடிப்பில்லை என்று சொன்னார். அப்போது எனக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. வேலை முடிந்து நேராக வந்து அவளை ஏற்றிக்கொண்டு போவேன், வாயிலிலிருந்து அப்படியே திருப்பி அழைத்து வருவேன். பிறகு அவள் அறையை விட்டு வருவதும் நின்றுபோனது.

அந்த நிலையில்தான் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பள்ளியின் ஒழுங்கு ஆசிரியை, வேதியியலும் அவர்தான். கைப்பேசிகளைப் பறித்து இரும்பு அலமாரியில் பூட்டி வைப்பவர் என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். உயரமானவர், வேகமாகப் பேசுவார், சிரித்து நான் பார்த்ததில்லை. மகளின் பெயரைப் பள்ளியிலிருந்து நீக்கப்போகிறார்கள், அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். என் மனைவி கொடுத்த மைலோ பானத்தைத் தொடாமல், மூடியிருந்த அறைக் கதவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"நீ வெளிய வர வேணாம்மா. அங்கிருந்தே கேளு. என் டேப்லட்ட வெண்பலகைக்கு நேரா வைப்பேன். நீ வகுப்பப் பார்க்கலாம். வகுப்பு உன்னப் பார்க்காது."

அப்புறம் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"யாராச்சும் படம் எடுத்தா, டீச்சர்?"

"உன் முகமே அதுல வராது. என்னத்த எடுப்பாங்க? டேப்லட்டத் தொட்டா கைய உடைப்பேன்லா."

அறைக்குள் மெல்லிய சத்தம் கேட்டது. அழுதாளா சிரித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வகுப்பு நேரலையாக வந்தது. சோதனைகளை மட்டும் டீச்சர் பள்ளி முடிந்த பிறகு ஆய்வகத்தில் தனியாக நின்று படமெடுத்து அனுப்புவார். மலாய் மொழியில் சொல்வார், பிறகு தமிழில் சொல்வார், நடுவில் ஏதாவது தவறிப்போனால் தன்னையே திட்டிக்கொள்வார். மகள் அந்தத் துண்டுகளைப் பின்னுக்கு ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். சாப்பாட்டு மேசைக்கு வரத் தொடங்கினாள். நான் நிம்மதி அடைந்த நேரத்தில் டீச்சர் தொலைபேசியில் அழைத்தார்.

"வீட்டுலயே வச்சுப் பழக்கிட்டா அங்கயே உட்கார்ந்திடுவா, அண்ணே. நாளையிலருந்து கார்ல வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. ஸ்கூல் கண்ணுல படணும்."

அப்படித்தான் அந்த மரத்தடி நாள்கள் தொடங்கின. இரவெல்லாம் இயந்திரங்களோடு நின்றுவிட்டு வந்த கண்கள் எரியும். தூங்கவும் பயம். மாணவர்கள் யாராவது கார் பக்கம் வந்தால் அவள் இருக்கைக்கும் கீழே போய்விடுவாள். இப்படி எத்தனை நாள் என்று கேட்க நாக்கு துடிக்கும். கண்ணாடியில் எங்கள் கண்கள் சந்தித்தால் இருவருமே வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம்.

ஒருநாள் காலை திரை கறுப்பாகவே இருந்தது. டீச்சர் வெயிலில் வேகமாக நடந்து வந்து முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினார். பிள்ளைகளை வகுப்பில் படம் பிடிக்கிறார்கள் என்று ஒரு தாய் புகார் கொடுத்திருந்தார். முதல்வர் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

"அவ்வளவுதான்ப்பா," என்றாள் மகள். வண்டியை எடுக்கச் சொன்னாள்.

முதல்வர் அறைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். புகார் கொடுத்த தாய் சண்டைக்காரியாக இருப்பார் என்று எண்ணிப் போனேன். அவர் எனக்கு நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். அவருடைய மூத்த மகளின் படத்தையும் யாரோ இப்படிப் பரப்பியிருக்கிறார்கள். அந்தப் பெண் பள்ளியையே மாற்ற வேண்டி வந்ததாம்.

"இன்னைக்கு உங்க கையில இருக்கு. நாளைக்கு இது யார் கைக்குப் போகும்னு உங்களுக்குத் தெரியுமா, டீச்சர்?"

"தெரியாது. அதனாலதான் வகுப்புல நான் எதையும் சேமிச்சு வைக்கிறதில்ல," என்றார் டீச்சர். டேப்லட்டை மேசைமேல் நிறுத்தி, வகுப்பில் வைப்பது போலவே திருப்பிக் காட்டினார். திரையில் சுவர் மட்டும் தெரிந்தது. அந்தத் தாய் எழுந்து வந்து குனிந்து, ஓரங்களில் எவர் தோளாவது தெரிகிறதா என்று பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்க பிள்ள இப்ப எப்படிங்க இருக்கா?" என்று கேட்டார். "இன்னும் வாயிலைத் தாண்டலங்க," என்றேன். வெண்பலகையும் டீச்சரின் மேசையும் மட்டும், பதிவு கிடையாது, எல்லாப் பெற்றோருக்கும் தெரிவித்துவிட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு முதல்வர் மீண்டும் அனுமதித்தார்.

அதற்குப் பிறகு ஒரு மழைநாள். சோதனையும் இப்போது நேரலைதான்; ஆய்வகத்தில் டீச்சர் அமிலத்தில் காரத்தைத் துளித்துளியாக விட்டுக்கொண்டிருந்தார். நிறமற்ற கரைசல் எந்தத் துளியில் இளஞ்சிவப்பாகிறது என்று பார்க்க வேண்டும். மகள் திரையோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். அப்போது படம் உறைந்தது. என் கைப்பேசி வழியாக இணைத்துப் பார்த்தாள், அதிலும் கிடைக்கவில்லை. மழை காரின் கூரையில் கொட்டியது. திடீரென்று கதவு திறந்தது. நான் திரும்புவதற்குள் அவள் சாலையைக் கடந்திருந்தாள்.

பின்னாலேயே ஓடத்தான் கால் துடித்தது. என்னைக் கண்டால் திரும்பிவிடுவாள் என்று தோன்றவே, கதவுப் பிடியைப் பற்றியபடி அப்படியே உட்கார்ந்தேன். முன்கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது; வாயிலும் தெரியவில்லை, கட்டடமும் தெரியவில்லை. எந்த நொடியும் யாராவது ஓடிவந்து, உங்கள் பிள்ளை விழுந்துவிட்டாள் என்று சொல்லப்போகிறார்கள் என்று காத்திருந்தேன்.

நடந்ததைப் பிறகு டீச்சர்தான் சொன்னார். அவள் பாதிப் படி ஏறி, மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். விஷயம் தெரிந்து டீச்சர் குடுவையோடு இறங்கிவந்து, அவளைத் தொடாமல், இரண்டு படி தள்ளி உட்கார்ந்தார். அவள் மூச்சு சீராகும் வரை குடுவையை மெல்லச் சுழற்றிக்கொண்டிருந்தார். பிறகு குடுவையைத் தூக்கிக் காட்டினார்.

"ஒரு துளி கூடிப்போச்சு பாரு. இவ்வளவு சிவப்பு ஆகக் கூடாது. திரும்பச் செய்யணும். வர்றியா?"

அன்று அவள் போகவில்லை; நனைந்த சீருடையோடு காருக்குத் திரும்பி வந்தாள். ஆனால் வந்தவள் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். மறுவாரம் ஆய்வகத்தின் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். பிறகு ஒரு பாடம், பிறகு காலை முழுவதும். சில நாள் மீண்டும் காருக்கு ஓடிவந்ததும் உண்டு. அதற்காகவே டீச்சர் டேப்லட்டை அதே இடத்தில் விட்டு வைத்திருந்தார்.

அரசுத் தேர்வை மகள் தனி அறையில் எழுதினாள். சுமாரான மதிப்பெண்கள்தான். டீச்சர் ரவாங் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். தீபாவளிக்கு அழைத்தால், "பிள்ள எப்படி இருக்கா? இப்ப கைவேலையா இருக்கேன், அண்ணே," என்று இரண்டே வார்த்தையில் வைத்துவிடுவார். அவர் கைப்பேசிகளைப் பறிப்பதை இன்னும் விடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

மகள் இப்போது கோலாலம்பூரில் கல்லூரியில் படிக்கிறாள், பிரிக்ஃபீல்ட்ஸில் தோழிகளோடு தங்கியிருக்கிறாள். எனக்கு இப்போது பகல் வேலை. ஆனாலும் சில காலைகளில் கைப்பேசி ஒலிக்கும். "அப்பா, லைன்ல இருங்க. ஒண்ணும் பேச வேணாம்," என்பாள். நான் இயந்திரச் சத்தத்தை விட்டு வெளியே வந்து, கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொள்வேன். அவள் அதைப் பையில் போட்டுக்கொண்டு நடப்பாள். துணி உரசும் ஓசை, வண்டிகள், படிகளில் அவள் காலடி. நடுவில் காலடி நின்றுபோகும். நானும் மூச்சை அடக்கிக்கொள்வேன். மீண்டும் நடப்பாள். ஒரு கதவு திறக்கும், நாற்காலிகள் இழுபடும், யாரோ அவள் பெயரைச் சொல்லி இடம் பிடித்து வைத்திருப்பதாகக் கூப்பிடுவார்கள். அதற்குப் பிறகு அவளே இணைப்பைத் துண்டித்துவிடுவாள்.