பன்னிரண்டு இடது கால்கள்

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனி முதலாளிக்கு நான் உதவியாளர். அவர் வெளிநாடு போனால் எந்த விமானம், எந்த ஹோட்டல், சரக்கு வாங்கும் பையர்களில் யாரை எத்தனை மணிக்குப் பார்ப்பது என்று பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. எங்கள் மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. கணியம்பாடியிலிருந்து பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வருகிறவளுக்கு ஜெர்மனி ரயிலைப் பற்றி என்ன தெரியும் என்பது அவர் எண்ணம். ஒரு தப்பு நடந்தால் போதும், இந்த வேலையைச் சென்னை டிராவல் ஏஜென்சியிடம் கொடுத்துவிட்டு என்னைப் பழையபடி டெஸ்பாட்ச் பிரிவுக்குத் தள்ளிவிடலாம் என்று காத்திருந்தார். அந்த ஒரு தப்பை அவருக்குக் கொடுப்பதில்லை என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஜெர்மனி பயணத்துக்கு மூன்று பக்கம் அடித்தேன். முதலாளி சர்க்கரை மாத்திரை போட வேண்டிய நேரம்கூட அந்த ஊர்க் கணக்கில் இருந்தது. கையோடு எடுத்துப்போக வேண்டியவற்றில் 'சாம்பிள் - 12' என்று எழுதினேன். 'ஜோடி' என்று எழுத விட்டுப்போயிற்று.

அவர் போய் இறங்கிய திங்கட்கிழமை, சாயங்காலம் போன் செய்தார். அங்கே அப்போது மத்தியானம்.

"பையில பன்னெண்டும் எடது காலா இருக்குதும்மா. நாளைக்கு அந்த பையர் ஆளுங்களுக்குப் போட்டு நடக்கவெச்சுப் பாக்கணும்னு சொன்னாரே. வலது காலு எங்க?"

சாம்பிள் அறைக்கு ஓடினேன்.

"சாம்பிள்னா ஒத்தக்கால் தானம்மா அனுப்புவோம்? இன்னா, இன்னிக்குப் புதுசா கேக்குற?" என்றார் அங்கே சாம்பிள் தைக்கும் மாஸ்டர். வலது கால்கள் பன்னிரண்டும் அவர் ரேக்கில் பத்திரமாக இருந்தன.

அவர் சொன்னது நியாயம்தான். எங்கள் தொழிலில் ஒற்றைக் காலைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பார்கள். இந்த ஒரு பையருக்கு மட்டும் ஜோடி வேண்டும் என்பது எனக்கு வந்த மெயிலில்தான் இருந்தது. மாஸ்டர்மேல் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எழுதியது நான்.

திரும்பி வந்தால் என் மேஜை பக்கத்தில் மேனேஜர். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. "நான் அப்பவே சொன்னேன்ல?"

"சார், ஒரு மணி நேரம் குடுங்க. அப்புறம் எவ்ளோ வேணா திட்டுங்க."

அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

வியாழக்கிழமை வேறு ஊரில் இரண்டாவது பையரைப் பார்ப்பதாக இருந்தது. அவருக்கு ஒற்றைக் கால் போதும். அவரை நாளைக்கும் முதல் பையரை வியாழனுக்கும் மாற்றிவிட்டால், வலது கால்கள் கூரியரில் போய்ச் சேர அவகாசம் கிடைக்கும். இரண்டு பையர்களின் உதவியாளர்களுடைய நம்பரையும் திட்டத்திலேயே எழுதி வைத்திருந்தேன். இரண்டாவது ஆபீஸில் உடனே சரி என்றார்கள். முதல் ஆபீஸ் பெண், வியாழன் காலை எட்டு மணிக்கு அரை மணி நேரம் மட்டும் இருக்கிறது என்றாள். "அதுவே போதும்" என்றேன். அவளும் என்னைப் போல யாரிடமாவது திட்டு வாங்கிப் பழகியவளாக இருக்க வேண்டும், தன் முதலாளியிடம் கேட்காமலேயே குறித்துக்கொண்டாள். ரயிலையும் ஹோட்டலையும் மாற்றிப் புதுத் திட்டத்தை முதலாளிக்கு அனுப்பினேன். கம்பெனி கார் பன்னிரண்டு வலது கால்களோடு சென்னைக்குக் கிளம்பியது. அதன்பிறகுதான் பாத்ரூமில் போய் அழுதேன்.

பெட்டி புதன்கிழமை சாயங்காலம் ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு ஆர்டரும் வந்தன.

முதலாளி ஊர் திரும்பிய அன்று மேனேஜர் ஏஜென்சியின் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார்கள். டெஸ்பாட்ச்தான் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். முதலாளி கடிதத்தைப் பிரிக்காமல் ஓரமாகத் தள்ளிவிட்டு என்னுடைய பழைய மூன்று பக்கத்தை நீட்டினார். 'சாம்பிள் - 12'க்குப் பக்கத்தில் 'ஜோடி' என்று பேனாவால் எழுதியிருந்தார்.

"அடுத்த மாசம் இத்தாலி. இதைத் திருத்திக்கினு நீயே போடும்மா."